மூக்குத்தியின் ஒரு நொடி

மேசையை விட்டு விலகினால் யாரோ அவள் கோட்டைப் பிடித்து இழுக்கிறார்கள்.

பெரிய இழுப்பு ஒன்றும் இல்லை. அளக்கும் மேசையின் ஓரத்தில் சாய்ந்து நின்று, கண்ணாடிகளின் திருகுகளை ஒவ்வொன்றாகச் சரிசெய்துவிட்டு அவள் விலகும்போது, கோட்டின் கீழ் ஓரம் மட்டும் ஒரு கணம் பின்தங்கும். பிள்ளை முந்தானையைப் பிடித்துக்கொண்டு 'போகாதே' என்று நிற்குமே, அந்த மாதிரி. திரும்பிப் பார்த்தால் ஆள் கிடையாது, ஆணி கிடையாது, கொக்கி கிடையாது. வழவழவென்று எஃகு மேசை, அதன்மேல் லேசர், நடுவில் குளிர்ப்பெட்டி, அவ்வளவுதான்.

முதல் தடவை அவள் மேசைக்கடியில் குனிந்து பார்த்தாள். இரண்டாம் தடவை பதறிப்போய்த் திருகைத் தாறுமாறாகத் திருப்பிவிட்டாள். மூன்றாம் தடவை அவள் அவசரப்படவில்லை. "சரி, இருக்கேன்" என்று வாய்க்குள் சொல்லிவிட்டு மறுபடி மேசையோரம் சாய்ந்துகொண்டாள். கோட்டு அவள் கணவனுடையது. அவர் போய்ச் சேர்ந்து ஒரு மழைக்காலம் முடிந்திருந்தது.

பஸ்ஸில்கூட ஒருநாள் இறங்கும்போது கம்பியருகே அதே பிடிப்பு. படித்தவள்தானே, கொஞ்சம் யோசிக்கக் கூடாதா என்று நீங்கள் கேட்பீர்கள். நன்றாகக் கேளுங்கள். யோசிக்க மனமில்லாதவளை யார் யோசிக்க வைப்பது? அவளுக்கு அது வேண்டியிருந்தது. அதனால் யாரிடமும் மூச்சு விடவில்லை.

அந்த அறையில் அளப்பது ஒரு வைரத்தை. நகைக்கடை வைரம் என்று நினைத்துவிடாதீர்கள். நகத்துணுக்கு அளவில் மங்கலான ஒரு சில்லு. கடையில் கொண்டுபோய்க் கொடுத்தால் முகத்திலேயே விட்டெறிவார்கள். அதற்குள் கரி அணுக்கள் வரிசை தப்பாமல் நிற்கும். எங்கோ ஓரிடத்தில் மட்டும் கரி அணு இருக்கவேண்டிய இடத்தில் நைட்ரஜன் அணு ஒன்று வந்து உட்கார்ந்திருக்கும். அதற்கு அடுத்த இடம் காலி. அணுவும் காலி இடமுமாக அந்த ஜோடி பிரியாமல் இருக்கும்; பச்சை லேசர் பட்டால் சிவப்பாக மினுக்கும். நிற மையம் என்பது அதுதான். நாளைக்கு வரப்போகிற குவாண்டம் கம்ப்யூட்டருக்கு நினைவுப்பெட்டி அதில்தான் இருக்கிறது என்று உலகம் முழுக்க ஆட்கள் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

நல்ல மையமாக ஒன்று அகப்பட்டால் கண்டுபிடித்தவர் அதற்குப் பேர் வைப்பது அந்த ஆய்வுக்கூடத்து வழக்கம். கண்சிமிட்டி என்று ஒன்று, அழுமூஞ்சி என்று ஒன்று, பாதி நாள் வெளிச்சமே காட்டாத கும்பகர்ணன் என்று ஒன்று. அவள் கணவர் கண்டுபிடித்ததற்கு மூக்குத்தி என்று பேர். அதற்கும் கதை இருக்கிறது. கல்யாணமான புதிதில் அவள் வைர மூக்குத்தி ஒன்று கேட்டிருந்தாள். ஒருநாள், வாங்கியாகிவிட்டது, வா காட்டுகிறேன் என்று ஆசைகாட்டிக் கூட்டிப்போய், திரையில் தெரிந்த சிவப்புப் புள்ளியைக் காட்டினார். உலகத்திலேயே விலை உயர்ந்த மூக்குத்தி, என்ன, போட்டுக்கொள்ள முடியாது, அவ்வளவுதான் என்றார். அவள் வீட்டுக்குப் போகிறவரை அவரோடு பேசவில்லை. பேசியபோது சிரித்துத் தொலைத்துவிட்டாள்.

அந்த மூக்குத்தியை, இதற்குமேல் குளிரவே முடியாது என்கிற எல்லைக்கு நாலே டிகிரி மேலே வரை குளிர்வித்து, அதன் எலக்ட்ரானை ஒரு திசையில் நிறுத்தி, எவ்வளவு நேரம் அந்தத் திசையை மறக்காமல் இருக்கிறது என்று அவர் அளந்தார். மற்ற மையங்கள் கண்ணிமைப்பதற்குள் மறந்துவிடும். மூக்குத்தி ஒரு முழு நொடி நினைவு வைத்திருந்தது. ஒரு நொடி என்றால் நமக்கு ஒரு தும்மலுக்குக்கூடப் போதாது. அந்தத் தொழிலில் அது ஒரு யுகம். கட்டுரை வெளியானது. எங்கெங்கிருந்தோ பாராட்டு வந்தது. கொஞ்ச நாளில், ஒரு மத்தியானம், டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று கோட்டைக் கழற்றி வாசல் கொக்கியில் மாட்டிவிட்டுப் போன மனிதர், எதிர்ப்பக்கத்துப் பஸ் நிறுத்தத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அப்புறம் எழுந்திருக்கவில்லை.

ஆள் போன பிறகுதான் வினை ஆரம்பித்தது. வேறொரு ஊரில் இதே சோதனையைத் தங்கள் வைரத்தில் செய்து பார்த்தவர்கள், எங்களுக்கு அதில் பத்தில் ஒரு பங்குகூட வரவில்லையே என்று எழுதிக் கேட்டார்கள். கேட்டதில் தப்பில்லை. ஆனால் ஊர்வாயை மூட உலைமூடி ஏது? ஒரு நொடி சுத்தமாக வந்திருக்காது, எண்ணைக் கொஞ்சம் தட்டிக்கொட்டித்தான் கொண்டுவந்திருப்பார் என்று நடைவழியில் பேச்சு கிளம்பியது. செத்தவர் எழுந்து வந்தா பதில் சொல்லப் போகிறார்? கடைசியில் கூடத்தின் தலைவி ஒரு முடிவு சொன்னார். கேள்வி கேட்டவர்களையே வரவழைப்போம், அவர்கள் கண்முன் மூக்குத்தியை மறுபடி அளப்போம். ஒரு நொடி வந்தால் சரி. வராவிட்டால், இந்த அளவு நம்பத்தகாதது என்று எழுதிக் கட்டுரையைத் திரும்பப் பெற்றுவிடுவோம்.

நம்பத்தகாதது. வாழ்நாள் முழுக்க அளந்ததைத் தவிர வேறொன்றும் தெரியாத மனிதருக்கு அதைவிடக் கேவலம் என்ன இருக்கிறது? அவளும் அதே கூடத்தில் வேலை பார்ப்பவள்தான். அத்தனை புள்ளிகளுக்கு நடுவே மூக்குத்தி எங்கே இருக்கிறது என்று அவர் கைபிடித்துக் காட்டியது அவளுக்கு மட்டும்தான். நானே அளக்கிறேன் என்று முன்னால் வந்தாள். வேறு யாரையும் அந்த மேசையருகே உட்கார விடவில்லை.

அளப்பது இப்படி. வைரத்தின்மேல் விடும் மைக்ரோவேவ் நுண்ணலையின் சுருதியை, அதாவது அதிர்வெண்ணை, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே போனால், ஓரிடத்தில் மூக்குத்தியின் சிவப்பு வெளிச்சம் குறையும். திரையில் அது ஒரு பள்ளமாகத் தெரியும். பள்ளம் நின்ற இடத்தில் நின்றால்தான் எலக்ட்ரானோடு பேச முடியும். நகர்ந்துகொண்டே இருந்தால், நீங்கள் ஒரு வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருப்பீர்கள், அது வேறு வீட்டில் இருக்கும். பள்ளத்தை நகர்த்துவது காந்தம். நின்ற இடத்தில் நிற்கும் இரும்பால் தொல்லையில்லை. அசையும் இரும்பு, அசையும் காந்தம், அதுதான் எமன்.

அதனால்தான் வாசலில் ஒரு பிளாஸ்டிக் தட்டு. உள்ளே போகிறவர் சாவி, போன், கடிகாரம், பெல்ட், ஹேர்பின்வரை அதில் போட்டுவிட்டுப் போக வேண்டும். அளக்கும்போது சொந்தக் கோட்டும் கூடாது. பொதுக் கோட்டு உள்ளே தொங்கும், அதைத்தான் போட்டுக்கொள்ள வேண்டும். இந்தக் கடைசி விதியை மட்டும் அவளிடம் ஒருவரும் சொல்லவில்லை. புருஷனை இழந்தவள் அவர் கோட்டைச் சுற்றிக்கொண்டு வருகிறாள், அதைக் கழற்று என்று சொல்ல யாருக்கு நாக்கு வரும்? அவளும் நியாயமாக இரண்டு பாக்கெட்டுகளையும் வெளியே இழுத்துக் காட்டிவிட்டுத்தான் உள்ளே போனாள். இரண்டும் காலி.

பள்ளம் நிற்கவில்லை. இவள் மேசையருகே வந்து திருகைத் தொட்டதும் அது இடப்பக்கம் நகரும், வலப்பக்கம் நகரும், கொஞ்சம் நிற்கும், மறுபடி கிளம்பிவிடும். அந்த ஆட்டத்தில் நினைவு ஒரு நொடியில் நூறில் ஒரு பங்குகூடத் தேறவில்லை.

குளிர்ப்பெட்டியையும் அதைக் குளிர்விக்கும் ஹீலியத்தையும் பார்த்துக்கொள்ளும் ஆளை எல்லாரும் குளிர்காரர் என்பார்கள். வாய் ஓயாத மனிதர். அவள் கணவருக்கு உயிர் நண்பர். அவர் பம்பை நிறுத்திப் பார்த்தார். லிஃப்டை நிறுத்திப் பார்த்தார். மாடி ஏறியவர்கள் அவரது ஏழு தலைமுறையையும் திட்டினார்கள். இரும்பு நாற்காலியை எடுத்துவிட்டு மரமுக்காலி போட்டார். ஆணி இருக்குமோ என்று தம் செருப்பையும் கழற்றிவிட்டு அந்தக் குளிர்ந்த தரையில் வெறுங்காலோடு நடந்தார். சோதனைக்கென்றே அசையாத சின்னக் காந்தம் ஒன்று குளிர்ப்பெட்டியருகே தாங்கியில் இருக்கும்; இப்போதிருந்தது மாற்றாக வாங்கியது, அதன்மேலும் அவருக்குச் சந்தேகம். பழையது, அவள் கணவர் போன சமயத்தில் ஒரு பேனா, ஒரு திருப்புளி இவற்றோடு காணாமல் போயிருந்தது. அவள் கணவர் கையில் பட்டது பாக்கெட்டுக்குப் போகும், பாக்கெட்டுக்குப் போனது திரும்பாது என்பது கூடம் அறிந்த சங்கதி. திருப்புளி அவர் பையில் கிடைத்தது. மற்றவற்றை யாரும் பெரிதாகத் தேடவில்லை. புதுக் காந்தத்தையும் சோதித்தாகிவிட்டது, பழுதில்லை.

"இது மெஷின் கோளாறு இல்லம்மா" என்றார் ஒருநாள். "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்னு சொல்வாங்க. நான் அரண்டு போய்த்தான் இருக்கேன். ஆனா இந்த ரூம்ல என்னமோ இருக்கு."

அவள் குனிந்து ஒரு திருகைத் துடைத்தாள். சொல்ல அவளிடம் ஒன்று இருந்தது. அவள் சாப்பிடப் போகும்போது கம்ப்யூட்டர் தானாகப் பதிந்துகொண்டிருக்கும். அந்தப் பதிவை அவள் பார்த்திருந்தாள். அவள் இல்லாத நேரத்தில் பள்ளம் கல்லுப்பிள்ளையார் மாதிரி ஆடாமல் அசையாமல் இருந்தது. அவள் உள்ளே கால் வைத்ததும் ஆட ஆரம்பித்தது. ஆள் இல்லாமலே அளந்துவிடலாம் என்றால், லேசரின் குவியம் மூக்குத்தியை விட்டு நழுவிவிடும். சாப்பாட்டு நேரம் தாங்கும், அதற்குமேல் கையால் பிடித்து நிறுத்தியாக வேண்டும்.

அவள் வந்தால் ஆடுகிறது, போனால் அடங்குகிறது. அவள் விலகினால் கோட்டைப் பிடித்து இழுக்கிறது. வேறு எதை நினைப்பாள்? அவர் இருக்கிறார் என்று நினைத்தாள். நான் வருவது அவருக்குத் தெரிகிறது என்று நினைத்தாள். முதலில் அதில் ஒரு சந்தோஷம்கூட இருந்தது, சொன்னால் வெட்கக்கேடு. அப்புறம்தான் அந்த இன்னொரு நினைப்பு வந்தது, தேள் மாதிரி. இருக்கிறவர் ஏன் கெடுக்கிறார்? தன் பேரைக் காப்பாற்றத்தானே பெண்டாட்டி ராப்பகலாக உழைக்கிறாள், அவளை அளக்கவிடாமல் ஏன் தடுக்கிறார்? அளந்தால் ஒரு நொடி வராது என்று அவருக்குத் தெரியுமோ?

சாயங்காலம் வீட்டுக்குப் போனால் அங்கே மாமியார் மட்டும்தான். அக்கம்பக்கத்து வீடுகளுக்குத் துணி தைத்துக் கொடுப்பார். மகன் போன பிறகு இன்னும் அதிகமாகத் தைத்தார். வீடு இரண்டே அறை. வாசலை ஒட்டி இரும்பு பீரோ, அதன் பக்கச் சுவரில் கொக்கி. அவள் உள்ளே வந்து கோட்டைக் கழற்றிக் கொக்கியில் மாட்டுவாள். தொங்கும் கோட்டு ஒருமுறை ஆடி பீரோவில் 'டக்' என்று படும். உடனே அடுப்படியிலிருந்து குரல் வரும்.

"வந்துட்டியாப்பா?"

மகனைக் கேட்டுக் கேட்டுப் பழகிய வாய், மருமகளையும் அப்படியே கேட்கிறது என்று அவள் நினைத்திருந்தாள். 'வந்துட்டேன் அத்தை' என்று பதிலும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை தலைவி தாமே வந்து பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். மறுநாள் வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள். பள்ளம் அன்று மானத்தை வாங்கியது. மனிதர் பார்க்கப் பார்க்க அது திரையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் அலைந்தது. தலைவி அவளைத் தம் அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசினார்.

"நாளைக்கும் இப்படியே இருந்தா என்னால தள்ளிப்போட முடியாது" என்றார். "வாபஸ் வாங்கற கடிதத்துல நானே கையெழுத்துப் போட்டுடறேன். உன்னைப் போடச் சொல்ல மாட்டேன்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். அந்தக் கரிசனம்தான் தாங்கவில்லை. நேராக அளக்கும் அறைக்குத் திரும்பினாள். குளிர்காரர் பம்புப் பக்கம் போயிருந்தார். அறையில் ஒருவரும் இல்லை. மேசையில் சாய்ந்து, குளிர்ப்பெட்டியின் சின்ன ஜன்னலைப் பார்த்தபடி கேட்டாள்.

"பொய்யா சொன்னீங்க? எங்கிட்டயாவது சொல்லுங்க. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

பம்பு மட்டும் தன்பாட்டுக்குச் சுவாசித்துக்கொண்டிருந்தது. அவள் திரும்பினாள். கோட்டின் ஓரத்தை யாரோ பிடித்துக்கொண்டார்கள். அவள் அங்கேயே நின்று தேம்பித் தேம்பி அழுதாள். கோபமும் பாசமும் ஒரே நேரத்தில் வந்தால் மனுஷி வேறு என்ன செய்வாள்?

அன்று வீட்டுக்கு வந்தபோது கோட்டைக் கொக்கியில் மாட்ட மாமியார் விடவில்லை. முன்பொத்தான் ஒரு நூலில் ஊசலாடிக்கொண்டிருந்தது; நாளைக்கு வெளியூர்க்காரர்கள் முன்னால் இந்தக் கோலத்திலா போய் நிற்பாய் என்று பிடுங்கி மடியில் போட்டுக்கொண்டார். விளக்கடியில் உட்கார்ந்து இரண்டு குத்துக் குத்தியிருப்பார், நூல் கழன்று ஊசி கைதவறிப் போயிற்று. பாயைத் தட்டினார், புடவை மடிப்பை உதறினார், கிடைக்கவில்லை. இந்த வீட்டில் ஊசி வாங்கி மாளவில்லை, எங்கேதான் போய்த் தொலைகிறதோ என்று சலித்துக்கொண்டு, எனக்குக் கண் தெரியவில்லை, நீ பார் என்றார்.

அவள் குனிந்து தேடினாள். ஊசி தரையில் இல்லை. கோட்டின் கீழ் ஓரத்தில், துணிக்கு வெளியே, ஒட்டிக்கொண்டு நின்றது. குத்தி நிற்கவில்லை, சும்மா ஒட்டிக்கொண்டு நின்றது. பிடுங்கி எடுத்தாள். விட்டாள். அது தாவிப் போய் அதே இடத்தில் மறுபடி ஒட்டிக்கொண்டது.

கோட்டோரத்தை விரலால் அழுத்திப் பார்த்தாள், துணிக்குள் கெட்டியாக ஏதோ இருந்தது. பூனையை மடியில் கட்டிக்கொண்டு சகுனம் பார்த்த கதை என்பார்களே, அதையேதான் அவள் இத்தனை வாரமும் செய்திருந்தாள். லிஃப்டை நிறுத்தினார்கள், நாற்காலியை மாற்றினார்கள், ஒரு பெரிய மனிதரை வெறுங்காலோடு நடக்கவிட்டார்கள். காந்தம் இவள் இடுப்புக்குக் கீழே ஊசலாடிக்கொண்டிருந்தது. மேசையைக் கண்டால் மேசையைப் பிடித்துக்கொண்டது, பஸ் கம்பியைக் கண்டால் கம்பியைப் பிடித்துக்கொண்டது. அவர் கிடையாது. ஒருநாளும் அவர் கிடையாது. ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். அவளுக்கோ அவர் அப்போதுதான் செத்த மாதிரி இருந்தது.

"அத்தை, இதுக்குள்ள ஒரு காந்தம் இருக்கு" என்றாள்.

மாமியார் இருக்காது என்றார். பாக்கெட் உள்துணி கிழிந்து ஓட்டையாக இருந்தது, கோட்டு வீட்டுக்கு வந்த அன்றே நான்தான் தைத்தேன், அப்போது பாக்கெட்டில் ஒன்றும் இல்லை என்றார். அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவர் போன அன்று காலையில் காந்தத்தைத் தாங்கியிலிருந்து கழற்றியிருக்கிறார், வழக்கம்போலக் கோட்டில் போட்டிருக்கிறார். அது ஓட்டை வழியாக உள்துணிக்குள் இறங்கிவிட்டது. பெற்றவள் ஓட்டையை அடைத்துவிட்டாள். கை சும்மா இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும்போல் இருந்தது, அதனால்தான் தைத்தேன் என்றார் மாமியார், யாரோ குற்றம் சொன்னதுபோல.

பிரிக்க வேண்டும் என்று அவள் கை நீட்டினாள். மாமியார் கோட்டை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"பிரிச்சா அவன் வரமாட்டானே."

"யாரு அத்தை?"

"தெனமும் பீரோவைத் தட்டிட்டுத்தானே உள்ள வரான். நீ கேட்டதில்லையா?"

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். 'வந்துட்டியாப்பா' என்று தினமும் அடுப்படியிலிருந்து கேட்டது யாரை என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. இத்தனை நாளும் தனக்கு வராத கேள்விக்குத் தான் பதில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். ஒரே கோட்டு, ஒரே காந்தம். அங்கே இவளைப் பிடித்து இழுத்திருக்கிறது, இங்கே அந்த அம்மாளின் பீரோவைத் தட்டியிருக்கிறது. ஒருத்திக்கொருத்தி மூச்சுவிடாமல் இரண்டு பேரும் ஒரே ஆளை ஒளித்து வைத்துக் காப்பாற்றியிருக்கிறார்கள்.

கோட்டை வீட்டிலேயே தொங்கவிட்டுப் போகலாம். அளவு சரியாக வந்துவிடும், பீரோவும் தட்டிக்கொண்டிருக்கும். அந்த எண்ணம் அவளுக்கு வராமல் இல்லை. ஆனால் வருகிறவர்கள் பால்குடிக்கிற பிள்ளைகளா? நேற்றுவரை ஆடியது இன்றைக்கு ஏன் நிற்கிறது என்று முதல் கேள்வியே அதுதான் கேட்பார்கள். காரணம் தெரியாத அளவை அந்தத் தொழிலில் ஒருவரும் மதிக்க மாட்டார்கள். கணவனும் தட்டிக்கொட்டினான், பெண்டாட்டியும் தட்டிக்கொட்டினாள் என்று போய்விடும். காந்தத்தை மேசைமேல் வைத்து, இதுதான் என்று காட்டியே ஆகவேண்டும். அதை அவள் மாமியாருக்கு நிதானமாக எடுத்துச் சொன்னாள். பாதி புரிந்ததோ இல்லையோ, அந்த அம்மாள் கோட்டை விடவில்லை.

கடைசியில் அவள் சொன்னாள்: "இது உள்ள இருந்தா அவர் தெனமும் வருவார், அத்தை. ஆனா வெளியில எல்லாரும் அவரைப் பொய்யன்னு சொல்லுவாங்க. செத்தவரால வந்து இல்லைன்னு சொல்ல முடியாது. நாமதான் சொல்லணும்."

மாமியார் கோட்டோரத்தை மெதுவாகத் தடவினார். பிறகு மாமியார் பெட்டியிலிருந்து சின்னக் கத்தரியை எடுத்தார். அவள் வாங்கப் போனபோது கொடுக்கவில்லை.

"நான் தச்சது. நானே பிரிக்கிறேன்."

ஒவ்வொரு தையலாக வெட்டினார். மகனுக்காகப் போட்ட தையல், நெருக்கமாக இருந்தது. உள்துணி வாய் திறந்ததும் உள்ளங்கையை அதற்கடியில் ஏந்தினார். இரண்டு சட்டைப் பொத்தானை ஒன்றன்மேல் ஒன்று வைத்த கனத்தில், பளபளவென்று ஒன்று உருண்டு கையில் விழுந்தது. இத்துனூண்டு, என்றார் மாமியார். வெளிச்சத்தில் பார்ப்பதற்காகக் கையைப் பீரோப் பக்கம் கொண்டுபோனார். அது துள்ளிக் குதித்துப் பீரோவில் ஒட்டிக்கொண்டது.

டக்.

மாமியார் கண்ணை மூடிக்கொண்டார். அதே சத்தம். சந்தேகத்துக்கே இடமில்லாமல் அதே சத்தம். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலை அவள் எல்லாரையும் தலைவியின் அறைக்கு வரவழைத்து, கைக்குட்டையில் முடிந்திருந்த காந்தத்தை மேசைமேல் வைத்து, ஒளிக்காமல் சொன்னாள். பள்ளம் ஆடியது என்னால்தான், நான் போட்டிருந்த கோட்டால்தான். நான் இல்லாதபோது அது ஆடவில்லை என்பதும் எனக்குத் தெரியும், சொல்லாமல் இருந்தேன். ஏன் சொல்லவில்லை என்று மட்டும் அவள் சொல்லவில்லை. யாரும் கேட்கவுமில்லை.

தலைவி காந்தத்தை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தார். "அந்தக் கோட்டைக் கழட்டுன்னு சொல்ல எங்கள்ல ஒருத்தருக்கும் வாய் வரல" என்றார். "உன் மேல மட்டும் தப்பு இல்ல."

வெளியூர்க்காரர்கள் இருவர். நல்லவர்கள், ஆனால் லேசில் நம்புகிறவர்கள் இல்லை, நம்பவும் கூடாது. முதலில் அவர்களே காந்தத்தைக் கையில் பிடித்துக்கொண்டு மேசையருகே நடந்து பார்த்தார்கள். பள்ளம் பழையபடி அலைந்தது. காந்தத்தைக் கட்டடத்துக்கு வெளியே கொண்டுபோகச் சொன்னார்கள். பள்ளம் நின்றது. அப்புறம்தான் அளக்கவே விட்டார்கள்.

பொதுக் கோட்டைப் போட்டுக்கொண்டு அவள் மூக்குத்தியைப் பிடித்தாள். எலக்ட்ரானை ஒரு திசையில் நிறுத்தினாள். மறக்கிறதா என்று காத்திருந்து கேட்டாள். திரும்பத் திரும்பக் கேட்டாள், கேட்ட ஒவ்வொன்றும் ஒரு புள்ளியாகத் திரையில் விழுந்தது. மத்தியானம் சாய்ந்தபோது புள்ளிகள் சேர்ந்து ஒரு வளைவாகிவிட்டிருந்தன. ஒரு நொடி. சொல்லப்போனால் ஒரு நொடிக்குக் கொஞ்சம் மேலே. அவர் அடக்கித்தான் எழுதியிருந்தார்.

வந்தவர்களில் மூத்தவர், எங்கள் வைரத்தில்தான் குறை இருக்கிறது, அதை நாங்களே எழுதுகிறோம் என்றார். தலைவி மேசையில் இருந்த வாபஸ் கடிதத்தை எல்லார் முன்னாலும் கிழித்தார். குளிர்காரர் பம்புக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு மூக்கை உறிஞ்சினார். கேட்டால் ஹீலியம் கண்ணில் பட்டுவிட்டதாம். ஹீலியம் பட்டால் கண் கலங்காது என்பது அங்கே இருந்த அத்தனை பேருக்கும் தெரியும்.

எல்லாரும் வெளியே போன பிறகு அவள் மேசையோரம் சாய்ந்து நின்றாள். இருந்த ஒரே காலி இடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூக்குத்தி உள்ளே மினுக்கிக்கொண்டிருந்தது. "நீங்க பொய் சொல்லல" என்றாள். நிமிர்ந்தாள். விலகினாள். ஒன்றும் இழுக்கவில்லை. திரும்பி வந்து மறுபடி சாய்ந்து, மறுபடி விலகிப் பார்த்தாள். பொதுக் கோட்டு அவளோடு சமர்த்தாக வந்தது.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம், ஒரு நொடி வந்துவிட்டது என்று மாமியாரிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே வந்தாள். அவ்வளவுதானா என்று கேட்பார். அது ரொம்பப் பெரிசு அத்தை என்று சொல்ல வேண்டும். கதவைத் திறந்தாள். அடுப்படியில் விளக்கு எரிந்தது, பாத்திரச் சத்தம் கேட்டது. கணவரின் கோட்டு காலையில் விட்டுப்போன நாற்காலியிலேயே கிடந்தது. உள்துணி தைக்கப்படாமல் தொங்கியது. பழக்கதோஷம், அதை எடுத்துக் கொக்கியில் மாட்டினாள். கோட்டு ஒருமுறை ஆடியது. பீரோவை உரசிவிட்டுத் திரும்பி வந்து நின்றது. சத்தமே இல்லை.

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றுபோயிற்று.

அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றாள். சுவருக்கு அந்தப் பக்கம் அந்த அம்மாளும் நிற்கிறார் என்று தெரிந்தது. இரண்டு பேரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள், வராது என்று தெரிந்த ஒன்றுக்காக. தெருவில் ஒரு வண்டி போயிற்று. மாடிவீட்டில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். பீரோ பேசவில்லை.

பிறகு அடுப்படியிலிருந்து குரல் வந்தது, கொஞ்சம் கரகரத்து.

"வந்துட்டியாம்மா?"

"வந்துட்டேன் அத்தை" என்றாள் அவள்.